காரின் கம்ப்யூட்டரில் எழுதும் முன் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஓரிரு வருடம் கழித்து ஒரு கேள்வி கேட்பார்கள். "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. ராம் கூட்டலாமா? பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாமா?" கேபினட்டைத் திறந்து பார்த்தால், பிராசசர் மேலுள்ள விசிறியில் கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கும். ஒரு பெயிண்ட் பிரஷ் வாங்கித் தூசியைத் தட்டினால் வேலை முடிந்தது. இந்த நிலையில் ஓவர்கிளாக் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாப்ட்வேர் துறையில் வேலை செய்யும் எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், எங்கள் வீட்டு டர்போ டீசல் கார் விஷயத்தில் அதே தவறைத்தான் செய்தேன். லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இன்று அந்த ஆசை வருகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இன்றைய கார் இன்ஜினை இயக்குவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். இதை ஈ.சி.யூ. என்கிறார்கள். இதிலும் பிராசசர் உண்டு, மெமரி உண்டு, புரோகிராம் உண்டு. கீபோர்டுக்குப் பதிலாக சென்சார்கள் இருக்கின்றன. இன்ஜின் சுழலும் வேகம், உள்ளே வரும் காற்றின் அழுத்தம், காற்றின் வெப்பம், கூலன்ட்டின் வெப்பம் என எல்லாவற்றையும் அவை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஈ.சி.யூ. தன் மெமரியில் உள்ள அட்டவணைகளைப் பார்த்து, எவ்வளவு டீசல் தெளிப்பது, எப்போது தெளிப்பது என்று முடிவு செய்யும். எக்செல் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் இன்ஜின் வேகம், பத்தியில் இன்ஜினுக்குள்ள சுமை, கட்டத்துக்குள் ஓர் எண். இந்த அட்டவணையைத்தான் 'மேப்' என்கிறார்கள். அதிலுள்ள எண்களை மாற்றுவது 'ரீமேப்'.

டர்போ என்பது என்ன? இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் எரிபொருளையும் அதிகமாக எரிக்கலாம், சக்தி கூடும். இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்பவை. பல கார்களில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதையும் ஈ.சி.யூ.வே தீர்மானிக்கிறது. அதனால் டர்போ இல்லாத பெட்ரோல் காரில் ரீமேப் செய்தால் பெரிய மாற்றம் தெரியாது. டர்போ காரில் சில எண்களை மாற்றினாலே சீட்டோடு முதுகு ஒட்டும். ஆசை பிறப்பது இங்கேதான்.

கம்பெனி பூட்டி வைத்திருக்கிறதா?

"கம்பெனிக்காரன் வேண்டுமென்றே சக்தியைப் பூட்டி வைத்திருக்கிறான். நாம் திறந்துவிட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் பியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். இந்தியாவில் இது மாருதி ஸ்விஃப்ட்டில் 75 குதிரைசக்தியோடு வந்தது. எஸ்.எக்ஸ்.4 காரில் 90 குதிரைசக்தியோடு வந்தது. "இன்ஜின் ஒன்றுதானே, மாறியது பைல் மட்டும்தானே?" என்பார்கள். இல்லை. 75-இல் இருந்தது சாதாரண டர்போ. 90-இல் இருந்தது, உள்ளே இதழ்கள் அசைந்து புகையின் போக்கை மாற்றும் வேறு வகை டர்போ. பைல் மட்டுமல்ல, பொருளும் வேறு.

கம்பெனி விட்டு வைத்த இடைவெளி வீணாகக் கிடப்பதல்ல என்பது என் கருத்து. மே மாத வெயிலுக்கும், தரம் குறைந்த டீசலுக்கும், அடைத்துப்போன ஏர் பில்டருக்கும், 5 பேரும் மூட்டை முடிச்சும் ஏறும் மலைப்பாதைக்கும் சேர்த்து ஒதுக்கியது அது. அதை நாம் எடுத்துச் செலவழித்துவிட்டால், தேவைப்படும் நாளில் கையில் இருக்காது.

நான் செய்தது

எங்கள் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. முன்போல இழுக்கவில்லை என்று தோன்றியது. ஒரு கேபிள் வாங்கினேன். ஈ.சி.யூ.வில் இருந்த ஒரிஜினல் பைலைப் படித்து பென் டிரைவில் சேமித்தேன். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். பிறகு அதே இன்ஜினுக்கென்று இணையத்தில் கிடைத்த பைலை எழுதினேன். வண்டி பறந்தது. இரண்டு மாதம் பெருமையாகத் திரிந்தேன். வண்டியை அப்பாவும் ஓட்டுவார். அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, பாதிக்கு மேல் போய்விட்டோம். அப்பா ஓட்டினார். முன்னால் ஒரு வேன். கொஞ்சம் நேரான இடம் கிடைத்ததும் முந்துவதற்காக வலப்பக்கம் ஏறினார். வேனுக்குச் சரிசமமாக வந்தபோது வண்டியின் சக்தி சட்டென்று செத்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார், வண்டி நகரவில்லை. எதிரே வளைவில் பஸ்ஸின் ஹாரன். பிரேக் பிடித்து வேனுக்குப் பின்னால் எப்படியோ நுழைந்துவிட்டார். பின் சீட்டில் அம்மாவிடமிருந்து சத்தமே வரவில்லை. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா கேட்டார்: "என்னடா பண்ணி வெச்சிருக்க வண்டியை?"

உண்மையில் நடந்தது என்ன?

ஊர் திரும்பி ஸ்கேனரை மாட்டினேன். பி0299 என்ற எண் வந்தது. டர்போ தரவேண்டிய அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். இப்படி நேர்ந்தால் ஈ.சி.யூ. இன்ஜினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்துவிடும். விண்டோசின் சேப் மோட் மாதிரி.

மெக்கானிக் பத்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸில் ஒரு விரிசல். வண்டி முன்போல இழுக்காததற்குக் காரணமே அதுதான்! கசிந்த காற்றை ஈடுகட்ட டர்போ ஏற்கெனவே கூடுதலாகச் சுழன்றுகொண்டிருந்தது. நான் எழுதிய பைல் அதனிடம் இன்னும் அதிகம் கேட்டது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே டர்போவால் முடியவில்லை. புது ஹோஸ் 1,800 ரூபாய். அதை மாற்றிவிட்டு, பென் டிரைவில் இருந்த ஒரிஜினல் பைலையே திரும்ப எழுதினேன். வண்டி பழையபடி இழுக்கிறது.

முதலில் படியுங்கள்

வீட்டில் இருந்தபடி டர்போ காரை மேம்படுத்த நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். எழுதும் வேலையைத் தள்ளிவையுங்கள். முதல் ஒரு மாதம் படிக்க மட்டும் செய்யுங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதற்கு ஓ.பி.டி. சாக்கெட் என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான இது, நம் ஊரில் சமீப ஆண்டுகளில் விற்ற கார்களிலும் உண்டு. இதில் மாட்டும் புளூடூத் அடாப்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது. போனிலோ லேப்டாப்பிலோ அதற்கான சாப்ட்வேரை நிறுவிக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றழுத்தம் சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல் என்று காட்ட வேண்டும். அது வெறும் வெளிக்காற்றின் அழுத்தம். பிறகு ஓட்டும்போது வரும் எண்களைப் பதிவு செய்யுங்கள். லேப்டாப்பை நண்பர் வைத்துக்கொள்ளட்டும், ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. வீட்டுக்கு வந்து பதிவான பைலை எக்செல்லில் திறந்து வரைபடம் போடுங்கள். ஈ.சி.யூ. கேட்ட அழுத்தமும் உண்மையில் வந்த அழுத்தமும் சேர்ந்தே போகின்றனவா? (கேட்ட அழுத்தத்தைக் காட்டும் வசதி எல்லாக் கார்களிலும் இருக்காது.) இரண்டு கோடுகளும் விலகினால் எங்கோ கசிவு அல்லது அடைப்பு. நானும் முதலிலேயே இதைச் செய்திருந்தால் விரிசல் வரைபடத்திலேயே தெரிந்திருக்கும்.

அடுத்து ஏர் பில்டர், ஹோஸ்கள், கிளாம்ப்புகள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், சரியான கிரேடு ஆயில், பிரேக், டயர். இத்தனையும் சரியான பிறகு வண்டியை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகும் வேண்டும் என்றால்? நான் ரீமேப்புக்கு எதிரி இல்லை. வண்டியை டைனோ மெஷினில் ஏற்றி அளந்து, உங்கள் வண்டிக்கென்றே மேப் எழுதுபவரிடம் போங்கள். ஒரிஜினல் பைலைக் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். எழுதும் நேரத்தில் பேட்டரிக்கு வெளி மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும். பயாஸ் அப்டேட் செய்யும்போது கரண்ட் போனால் மதர்போர்டு என்ன ஆகுமோ, அதேதான் இங்கும் ஆகும். புகையை வடிகட்டும் பாகங்களைக் கழற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாரண்டி போகலாம், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகலாம். சட்டம் அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

இன்னொன்று. கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து கெடுத்தால் திரை நீலமாகும், நஷ்டம் உங்களுக்கு மட்டும். காரில் அப்படி இல்லை. அந்த வண்டியை ஓட்டும் எல்லோரிடமும் என்ன மாற்றினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் மாற்றாதீர்கள்.