ஒடுங்கிய நிலமும் அகன்ற வில்லையும்

மே மாதம் நெருங்கும்போது முள்ளிவாய்க்காலுக்குச் செல்லவிருக்கும் புலம்பெயர் நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு: "நிலக்காட்சி எடுப்பதற்கு மிக அகன்ற கோண வில்லைகளில் எதை வாங்கலாம்?" கேள்வி சாதாரணமானதே. ஆனால், அந்த மண்ணைப் பொறுத்தவரை விடை விலைப்பட்டியலுக்குள் அடங்குவதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முழுச்சட்டகக் கமராவில் 50 மி.மீ. வில்லை மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகையைக் காணும், 24 மி.மீ. 84 பாகை, 16 மி.மீ. 107 பாகை. நூறு மீற்றர் தொலைவில் நிற்கும் 15 மீற்றர் உயரப் பனையொன்று, கிடையாகப் பிடித்த படத்தில், 50 மி.மீ. வில்லையில் சட்டக உயரத்தின் மூன்றிலொரு பங்கை நெருங்கும். 16 மி.மீ. வில்லையிலோ பத்திலொரு பங்காகச் சுருங்கிவிடும். காலடி மணல் மட்டும் பரந்து விரியும்.

சிக்கல் இங்கேதான். ஒருபுறம் இந்து சமுத்திரம், மறுபுறம் நந்திக்கடல், நடுவே ஒடுங்கிய மணற்றிட்டு. அதுவே முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் மக்கள் நெருக்குண்டு கிடந்த இடம் அது. சுயாதீன ஊடகவியலாளர் எவரும் அனுமதிக்கப்படாத நிலையில், அந்நெரிசலை வெளியுலகம் பெரிதும் செய்மதிப் படங்களிலேயே கண்டது. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. ஒடுக்கம்தான் அந்நிலத்தின் முதல் உண்மை. மிக அகன்ற வில்லை அதை எல்லையற்ற வெளியாக்கிவிடுகிறது. வட்டுவாகல் பாலம் நீண்டு, அக்கரை எட்டாத் தொலைவாகிறது. படம் அழகாகவே இருக்கும். பார்ப்பவரோ, 'இவ்வளவு இடம் இருந்ததா?' என்று எண்ணுவார்.

வில்லை பொய் சொல்வதில்லை, நாம் நிற்கும் இடமே தோற்றத்தைத் தீர்மானிக்கிறது என்று சிலர் வாதிடலாம். விதி சரியானதே. ஆயினும் எங்கே நிற்பது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுப்பது கையிலுள்ள வில்லையல்லவா? கடலையும் களப்பையும் ஒன்றாகக் காட்ட அகலம் வேண்டுமே என்றும் கேட்கலாம். அவை எதிரெதிர்த் திசைகளில் இருப்பதால், 114 பாகை காணும் 14 மி.மீ. வில்லையைக் கொண்டும் தரையில் நின்று இரண்டையும் அள்ளுவது கடினம்.

ஆகவே என் பரிந்துரை 24 மி.மீ.; கூடவே ஒரு 50 மி.மீ. அதற்கும் அகலமானது வேண்டுமென்பவர்கள் எப் 2.8 துவாரத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. 16 மி.மீ. வில்லையில் எப் 11 வைத்து 0.8 மீற்றரில் குவித்தால், அரை மீற்றருக்கும் குறைவான தூரத்திலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். உப்புக்காற்றும் மணலும் உள்ள கரையில் முன்கண்ணாடிக்குக் காப்பு அவசியம். 2007இல் வந்த நிக்கொன் 14-24இன் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் சாதாரண பில்டரைப் பூட்ட இயலாது. 2014இல் வந்த கனொன் 16-35 எப் 4 வில்லையில் 77 மி.மீ. பில்டர் பொருந்தும். சிறிய உணரிக் கமரா வைத்திருப்போருக்கு, 240 கிராம் எடையுள்ள கனொன் 10-18 போதும். முனைவாக்கப் பில்டரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இவ்வளவு அகலத்தில் வானம் ஒருபக்கம் கறுத்தும் ஒருபக்கம் வெளிறியும் தெரியும்.

இன்னுமொன்று. மிக அகன்ற வில்லை முன்னணியில் ஏதேனுமொரு பொருளைக் கேட்கும். அந்த மணலில் அது ஒரு செருப்பாகவோ சேலைத் துண்டாகவோ இருக்கலாம். படத்துக்காக அதை நகர்த்தாதீர்கள், அழகுபடுத்தி அடுக்காதீர்கள். அதற்கு உரியவரை இன்னும் ஒருவர் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.