சும்மா 'நைஸ்' எண்டு சொல்லாதீங்கோ

போன மாதம் ஒரு தங்கச்சி தன்ர முதல் சிறுகதையை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். பதினொரு பேர் இருந்தோம். "நைஸ்", "வெரி நைஸ்", "நைஸா இருக்கு". நானும் அதைத்தான் சொன்னேன். அம்மம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு எல்லாரும் வேலியடியில் பேச்சில்லாமல் நிற்கிற இடம் எனக்குத் தொண்டையை அடைத்தது. முடிவு சவ்வாக இழுபட்டது. இரண்டையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. பிறகு அவள் கேட்டாள்: "நல்லா இல்லை எண்டபடியாத்தானே அண்ணா எல்லாரும் நைஸ் எண்டு சொன்னனீங்கள்?"

இந்தச் சொல்லின் சாதகத்தைக் கொஞ்சம் பாருங்கோ. லத்தீனில் 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக 1300 அளவில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'நைஸ்' என்றால் மடையன். பிறகு கூச்சக்காரன், நொட்டை பிடிக்கிறவன், நுணுக்கமானது என்று உருண்டு உருண்டு, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையானது' ஆகியது. 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' நாவலிலேயே ஜேன் ஆஸ்டின் ஒரு பாத்திரத்தை வைத்து இதை நக்கலடித்துவிட்டார்: எதற்கும் பொருந்துகிற சொல்லாம்!

"சொல் எண்டா மாறும்தானே" என்பீர்கள். மாறட்டும். ஒரு காலத்தில் மடையன் என்ற பொருள் இருந்ததற்காக நான் சண்டைக்கு வரவில்லை. என் கோபம் வேறு. நுணுக்கம் என்ற பொருள் இருந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது நாங்கள் அதை வைத்துச் செய்கிற ஒரே வேலை நழுவுவது. தமிழில் "நைசா கழண்டிட்டான்" என்கிறோமே, அந்த நைஸ்தான் எங்கள் விமர்சனத்திலும் நடக்கிறது. வாசித்தோமா, யோசித்தோமா, ஒன்றுமே தெரியவராது. ஆளும் கோபிக்காது.

எங்களிடம் சொல்லா இல்லை? வடிவு, திறம், சோக்கு. "வடிவா விளங்கப்படுத்து" என்றால் அழகல்ல, தெளிவு. இவற்றையும் சோம்பேறித்தனமாக எறியலாம்தான், ஆனால் "எது திறம்?" என்று திருப்பிக் கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும். ('சூப்பர்' பற்றி இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

நேற்றிரவு அந்தத் தங்கச்சிக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டேன். வேலியடியைப் பற்றி நாலு நிமிடம். முடிவு இழுபடுகுது எண்டும் சொன்னேன். நீல டிக் விழுந்திட்டுது. பதில் இன்னும் இல்லை.