திருநெல்வேலியில் காந்தி சொன்னதும் டீக்கடையில் நாம் சொல்வதும்

சாமி உண்டா இல்லையா என்று எங்கள் பக்கத்து டீக்கடையில் பேச்சு வந்தால், அது ஐந்தே நிமிடத்தில் சுனாமிக்கு வந்து நிற்கும். "சாமி இல்லேன்னா திருச்செந்தூர் எப்படித் தப்பிச்சுது, சொல்லுங்க அண்ணாச்சி" என்று ஒருவர் கேட்பார். அதற்கு மேல் வழக்கு இல்லை, தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்பது மாதிரி அவர் டம்ளரைக் கீழே வைப்பார். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இந்த வாதம் தப்பு. தப்பு மட்டுமல்ல, இரக்கமில்லாதது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் கோயிலுக்குப் போகாதவன் இல்லை. புரட்டாசியில் நவதிருப்பதி போவேன், திருச்செந்தூரில் மொட்டை போட்டிருக்கிறேன். ஆகவே என்னைக் கறுப்புச் சட்டைக் கணக்கில் எழுதிவிட்டுப் பக்கத்தை மூடிவிட வேண்டாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பிளந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. அலை மேற்கே வந்தது. நமக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இலங்கை கிடக்கிறது. அந்த அலையை நெஞ்சில் வாங்கியது இலங்கையின் கிழக்குக் கரையும் தெற்குக் கரையும். அங்கே செத்தவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல். இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றி வளைந்து வந்த அலை குளச்சலையும் மணக்குடியையும் நூற்றுக்கணக்கில் வாரிக்கொண்டு போனது. மன்னார் வளைகுடாவுக்குள் இருக்கும் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் வலு இழந்த அலைதான் வந்து சேர்ந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கணக்கு எழுதிக் காலம் தள்ளியவன் நான். சுவரில் தொங்கிய கடல் வரைபடத்தை ஒரு தடவை பார்த்தாலே இது விளங்கும்.

"கடல் முருகனுக்குப் பயந்து உள்வாங்கிச்சே" என்பார்கள். சுனாமி வருமுன் பல கரைகளில் கடல் உள்வாங்கத்தான் செய்தது. வற்றிக் கிடந்த தரையையும் துள்ளுகிற மீனையும் வேடிக்கை பார்க்க இறங்கிப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை.

இப்போது பற்று வரவு பார்ப்போம். திருச்செந்தூர் தப்பியதை வரவில் எழுதினால், நாகப்பட்டினம் மாவட்டத்தில் செத்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எங்கே எழுதுவது? கிறிஸ்துமஸ் முடிந்து மறுநாள், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்த வந்தவர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். அவர்களை அலை கொண்டுபோனது. கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை, அது அற்புதம் என்று அப்போது பேசினார்கள். கட்டடம் தப்பியது அற்புதம் என்றால், அதைத் தேடி வந்த சனம் செத்தது என்ன? வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாமல் விட்ட பேரேட்டை என் மேஜைக்கு எந்தக் குமாஸ்தா கொண்டுவந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"நம்மளைக் காப்பாத்தினாரு" என்று சொல்லும்போது, "அவங்களைக் காப்பாத்தல" என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி தானாக வந்துவிடும். அங்கே ஏதோ பாவம் செய்திருப்பார்கள் என்பதுதான் அடுத்த வரி. அந்த வரியைச் சிலர் வாய்விட்டும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இது டீக்கடைக்காரர்களோடு நின்ற விஷயமும் இல்லை. நம் ஊர் மண்ணிலேயே இதைச் சொன்னவர் மகாத்மா காந்தி.

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். காந்தி அப்போது ஹரிஜன யாத்திரையில் தெற்கே வந்திருந்தார். ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24ஆம் தேதி, திருநெல்வேலியில் பேசினார். தூத்துக்குடியிலும் அன்றே பேசினார். பீகார் பூகம்பம் நாம் தீண்டாமை என்ற பாவத்தைச் செய்ததற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சொன்னார். மூடநம்பிக்கை என்று நினைத்தாலும் சரி, என்னோடு சேர்ந்து இதை நம்புங்கள் என்கிற தோரணையில்.

தீண்டாமை பாவம்தான், அதில் எனக்கு ஒரு எள்ளளவும் ஐயமில்லை. இந்தத் தாமிரபரணிக் கரையில் அது என்ன ஆட்டம் ஆடியது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது பாவம் என்று தெரிய நமக்குப் பூகம்பம் எதற்கு? பூமி ஆடியதால்தான் அது பாவம் என்றால், பூமி ஆடாத வருஷங்களில் அது சரி என்று ஆகிவிடாதா? திருநெல்வேலியில் இருந்த தீண்டாமைக்கு பீகாரில் ஏன் வீடு இடிய வேண்டும்? இடிந்த வீடுகளுக்குள் தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்களும் இருந்தார்களே, அவர்கள் செய்த பாவம் என்ன?

அப்போதே இதை எதிர்த்து எழுதினார் ரவீந்திரநாத் தாகூர். இயற்கை உற்பாதத்துக்கு இயற்கைக் காரணம் மட்டுமே உண்டு, அதை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்பது அவர் கட்சி. இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பிடித்தது. இந்த மாதிரி வாதம் உங்களைவிட உங்கள் எதிரிகளுக்கே நன்றாகப் பொருந்தும், காந்தியும் அவர் ஆட்களும் செய்கிற காரியத்தால்தான் கடவுளுக்குக் கோபம் வந்தது என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றார். காந்தி தன் கொள்கையை விடவில்லை. ஆனால் தாகூரின் மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே அச்சிட்டு, பதிலும் எழுதினார். இன்றைக்கு யார் அப்படிச் செய்கிறார்கள்?

சரி, கடவுள் உண்டு என்பதற்கு வாதமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, கெட்டிக்காரர்கள் செய்த வாதங்கள் உண்டு. பானை இருந்தால் அதைச் செய்தவர் இருப்பார், உலகமும் ஒரு காரியம், ஆகவே அதற்கும் கர்த்தா உண்டு என்பது நியாய சாஸ்திரக்காரர்களின் வழி; உதயணர் இதை 'நியாய குசுமாஞ்சலி'யில் விரித்துச் செய்தார். நம் மெய்கண்டாரும் சிவஞானபோதத்தை உலகம் தோன்றி ஒடுங்குவதிலிருந்துதான் தொடங்குகிறார். இவர்கள் யாரும் எந்த ஊர் தப்பியது, எந்த ஊர் மூழ்கியது என்று எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. வழக்கு மொத்த உலகத்தைப் பற்றியது.

அதையும் ஒத்துக்கொள்ளாத ஒரு பெரியவர் இருந்தார். அவர் நாத்திகர் அல்ல, ராமானுஜர். ஸ்ரீபாஷ்யத்தில் அவர் கேட்பதன் சாரம் இது: பானை செய்வதைப் பார்த்திருக்கிறோம், அதனால் பானையைக் கண்டால் செய்தவரை நினைக்கிறோம். மலையையும் கடலையும் யாராவது செய்யப் பார்த்தோமா? ஒருவரே செய்தார், ஒரே சமயத்தில் செய்தார் என்று எப்படித் தெரியும்? அனுமானத்தால் ஈசுவரனை நிரூபிக்க முடியாது, சாஸ்திரம் ஒன்றே வழி என்று முடிக்கிறார். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம். ஆழ்வாரைத் தலையில் வைத்துக் கொண்டாடும் சம்பிரதாயத்தின் ஆசாரியரே உலகத்தைக் காட்டிக் கடவுளை நிரூபிக்காதே என்கிறார். நாம் அலையைக் காட்டி நிரூபிக்கிறோம்!

பானை என்றதும் எங்கள் ஊர்ப் பரம்பு ஞாபகம் வருகிறது. 114 ஏக்கர், அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டிய இடம். இப்போது கண்ணாடித் தரை போட்டு அதன் மேல் நின்று தாழிகளைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். அந்தத் தாழியை வனைந்த வேளார் ஒருவர் இருந்தார், சந்தேகமே இல்லை. உள்ளே கிடப்பவர் எதனால் செத்தார், நல்லவரா கெட்டவரா என்பதைத் தாழி சொல்லாது. வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. இரும்பு வேலைப் பார்த்து இவர்கள் முருக பக்தர்கள் என்பார் ஒருவர். ஆதித் தமிழனுக்குச் சாமியே கிடையாது என்பார் அடுத்தவர். வாய் பேசாத பிணத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில் இரண்டு கட்சிக்கும் வித்தியாசமில்லை. சுனாமி முடிந்த வாரத்தில் "உங்க மாதா எங்கே போனா" என்று கிண்டல் பேசிய பகுத்தறிவுக்காரர்களும் எனக்கு உவப்பில்லை. கேள்வி நியாயமானதுதான், எல்லாம் வல்ல, கருணையே உருவான கடவுள் என்றால் இதற்குப் பதில் வேண்டும். அதைப் பிணத்தை அடக்கம் செய்துவிட்டு வந்தவனிடமா கேட்பது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் எண்ணூறு பேர் சிக்கினார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்க, அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். திருச்செந்தூரும் தீவாகிப் போனது. 2004இல் காப்பாற்றியவர் இப்போது எங்கே என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் அன்று வரவு எழுதியவர்கள் இன்று வாய் மூடிக்கொண்டதைக் கவனித்தேன். "எல்லாம் தெய்வ குத்தம்" என்று மட்டும் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள்.

தெய்வ குத்தம் என்று சொல்லிவிட்டால் ரொம்பப் பேருக்குச் சௌகரியம். குளங்கள் கரை உடைந்தன. கரையை எப்போது கடைசியாகப் பலப்படுத்தினார்கள், மடையைத் திறக்க ஆள் இருந்தானா, ஓடையை மறித்துக் கட்டியது யார், எந்த மணிக்கு எச்சரிக்கை வந்தது என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. 1755இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம், சகல புனிதர்கள் திருநாளன்று கோயில்கள் நிறைந்திருந்த வேளையில், பூகம்பத்தில் நாசமானது. கடவுளின் நியாயம் எங்கே என்று வால்டேர் கவிதை எழுதிக் கேட்டார். ரூசோ அவருக்குக் கடிதம் எழுதினார்: ஆறு மாடி ஏழு மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்று. எனக்கு அந்தக் கடிதத்தின்மேல் தனி மரியாதை.

அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நம் பக்கத்துக் குளக்கரைகளை வருகிற ஐப்பசி மழைக்கு முன்னால் யார் பார்த்தார்கள், என்ன செலவு செய்தார்கள் என்று கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். டீக்கடைப் பெஞ்சில் கிடக்கும். சாமி உண்டு என்பவரும் இல்லை என்பவரும் கையெழுத்துப் போடலாம். பேனாவும் அங்கேயே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.