நம்பர் இருக்கா சிஸ்டர்?

வீட்டில் நர்ஸ் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் ஒன்றும் மிட்டாதார் இல்லை. அப்பா பாத்ரூமில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். நானும் மனைவியும் ஆபீஸ். கையிருப்பில் இருந்த கேஷுவல் லீவ் காலியானதும், வேறு வழியில்லாமல் ஒரு ஏஜென்ஸிக்கு போன் அடித்தேன்.

மறுநாளே வெள்ளை யூனிஃபார்மில் ஒரு பெண் வந்து, "குட்மார்னிங் தாத்தா" என்றது. அப்பா முகத்தில் அப்படியொரு மலர்ச்சி! என் கல்யாணத்தன்றுகூட மனுஷர் அப்படிச் சிரிக்கவில்லை.

பத்து நாள் சுகமாகப் போச்சு. பதினோராவது நாள் மெடிக்கல் ஷாப்பில் வழக்கமான 40 இன்சுலின் இல்லை. "100 இருக்கு சார், அதே மருந்துதான்" என்றார் கடைக்காரர். நம்பர் பெரிசா இருந்தா நல்லதுதானே என்று வாங்கி வந்துவிட்டேன். பி.காம். படித்த மூளை!

அந்தப் பெண் பழைய சிவப்பு மூடி ஊசியை எடுத்து, வழக்கம்போல 12-வது கோடு வரை மருந்தை இழுத்தது. அந்த நேரம் பார்த்து கஷாயத்தோடு உள்ளே வந்தார் எதிர்வீட்டு சிஸ்டர் அக்கா. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர்.

"நிறுத்தும்மா! இது நூறு மருந்து, அது நாப்பது சிரிஞ்சு. 12-ன்னு நினைச்சு 30 யூனிட் போடப் போறே. சுகர் தடால்னு இறங்கி, ராத்திரி தூக்கத்துலயே பெரியவர் மயங்கிடுவார்."

எனக்குக் கை கால் உதறியது. அந்தப் பெண் ஓவென்று அழுதேவிட்டது. விசாரித்தால், படித்தது எங்கோ மாடியில் நடந்த ஆறு மாச கோர்ஸ்.

"தம்பி, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேட்டீங்களா?" என்றார் அக்கா.

ஏஜென்ஸிக்கு போன் போட்டுக் கேட்டேன். "அந்தப் பொண்ணோட ஸ்கூட்டி நம்பரா சார்?" என்றான் பாவி.

சமையல்காரரை வைப்பதென்றால் சொந்த ஊர், வத்தக்குழம்பில் புளி எவ்வளவு என்று ஆயிரம் கேட்கிறோம். அப்பாவுக்கு ஊசி போட யூனிஃபார்ம் போதுமா?

கஷாயம் ஆறுகிற வரை அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். நர்ஸ்களுக்கு ரிஜிஸ்தர் வைக்கும் சட்டத்தை நியூசிலாந்து 1901-லேயே போட்டுவிட்டதாம். நம்ம மெட்ராஸ் மாகாணத்தில் 1926. அதன்படி வந்ததுதான் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில். அங்கீகாரம் பெற்ற இடத்தில் மூணு வருஷ டிப்ளமோவோ, நாலு வருஷ பி.எஸ்ஸி.யோ முடித்து, பரீட்சை பாஸாகி, கவுன்சில் ரிஜிஸ்தரில் பேர் ஏறினால்தான் 'ஆர்.என்.ஆர்.எம்.' என்று போட்டுக்கொள்ளலாம். வேற மாநிலத்துக்கு வேலைக்குப் போனால் அந்த ஊர் கவுன்சிலிலும் பதியணும். நடத்தை சரியில்லை என்றால் பேரை அடித்துவிடவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. 2023-ல் பார்லிமெண்ட் போட்ட புதுச் சட்டத்திலும் மாநிலத்துக்கொரு கமிஷன், அகில இந்தியாவுக்கு ஒரு ரிஜிஸ்தர் என்று இருக்கிறது.

"நான் ரிட்டையர் ஆயும் ரினியூவல் விடலை தம்பி. பென்ஷன் புக்குக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கேன்" என்றார் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பெண்ணை நான் அனுப்பவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வந்தது, பொய் சொன்னது ஏஜென்ஸிக்காரன்தான். அப்பாவைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பதெல்லாம் இப்போதும் அதுதான். ஊசி மட்டும் அக்கா வந்து போடுகிறார். ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்து வரச்சொல்லி, டிப்ளமோவுக்கு அப்ளிகேஷன் போடவும் சொல்லியிருக்கிறார்.

அப்பாதான் மாறிவிட்டார். தினமும் அக்கா பஞ்சில் ஸ்பிரிட் நனைக்கும்போது, "நம்பரைச் சொல்லும்மா" என்கிறார். அக்காவும் சளைக்காமல் ஒப்பிக்கிறார். நேற்று எங்க எல்.ஐ.சி. ஏஜெண்ட் பார்க்க வந்தார். அவரிடமும் கேட்டிருக்கிறார் மனுஷர்.