பதினான்கு பெட்டிகளா? ஒரே குழாயா?



போன கோடை விடுமுறையில் கைச்செலவுக்குக் காசு சேர்க்கலாமே என்று, ஏ.சி. மெக்கானிக் அண்ணன் ஒருவருக்குக் கையாளாகப் போனேன். பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜ். பதினான்கு அறைகள். பின்சுவரில் பதினான்கு அவுட்டோர் யூனிட்டுகளை மேலும் கீழுமாக மாட்டினோம். மதியம் ஆனதும் கீழ் வரிசை கக்கிய அனலை மேல் வரிசை இழுத்தது. மேலே இருந்த யூனிட்டுகள் ஒவ்வொன்றாக டிரிப் ஆகி நின்றன.

லாட்ஜ் முதலாளி என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நீ டிப்ளமா படிக்கிற பிள்ளையாச்சே, இதுக்கு வேற வழியே இல்லையா?" என்று கேட்டார். நான் ஏணியைப் பிடித்தபடி தலையைச் சொறிந்தேன். அன்று சொல்லத் தெரியாத பதில்தான் இந்தக் கட்டுரை.

பதில் எங்கள் ஊரிலேயே இருந்திருக்கிறது! கச்சிராயபாளையம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாறு காய்ச்சும் ஒவ்வொரு கலத்துக்கு அடியிலும் தனித்தனி அடுப்பா வைக்கிறார்கள்? இல்லையே! கொதிகலன் ஓரிடத்தில் இருக்கிறது. வெப்பம் நீராவியாகக் குழாயில் ஏறி, வேண்டிய இடத்துக்குப் போகிறது. சூட்டை இப்படி அனுப்பத் தெரிந்த நாம், குளிரை மட்டும் ஏன் அறைக்கு ஒரு பெட்டி வைத்து உண்டாக்க வேண்டும்?

இதற்கான ஏற்பாடு புதிதல்ல. சில்லர் ஓரிடத்தில் இருந்து தண்ணீரை வழக்கமாக 7 டிகிரிக்குக் குளிர்விக்கும். பம்பு அதை அறைகளுக்கு அனுப்பும். அறையில் இருப்பது ஏர் ஹாண்ட்லர் மட்டும். ஒரு காயில், ஒரு ஃபேன், கீழே சொட்டும் நீரைப் பிடிக்க ஒரு தட்டு, அவ்வளவுதான். கம்பிரசரும் கிடையாது, கேஸும் கிடையாது. அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் 12 டிகிரியில் திரும்பிவிடும். குளிர்நாடுகளில் இதே காயிலில் வெந்நீரை ஓட்டி வீட்டைச் சூடாக்குகிறார்கள். நம் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, ஐ.டி. கட்டடம் என்றால் மட்டும்தான் இதை நினைக்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு டன் குளிரூட்டல் என்பது 3.517 கிலோவாட். தண்ணீர் 5 டிகிரி ஏறினால், இதைச் சுமக்க நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் போதும். காற்றுக்கு 10 டிகிரி வித்தியாசம் கொடுத்தாலும் நிமிடத்துக்கு 17,000 லிட்டருக்கு மேல் வேண்டும்! தண்ணீருக்கு ஒரு சின்னக் குழாய். காற்றுக்கோ ஆளையே மறைக்கும் டக்ட்.

வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்காதீர்கள். ஐதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2011-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பாதியில் குளிர் காற்றாக டக்டில் போனது. மறுபாதியில் தண்ணீராகவே தளத்துக்குள் பதித்த குழாய்களில் ஓடியது. ஈரம் நீக்கிய காற்றை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் பாதி சுமார் 34 சதவீதம் குறைவாக மின்சாரம் எடுத்தது.

இன்னொரு லாபமும் உண்டு. பதினான்கு அறையும் ஒரே நேரத்தில் முழுச் சூட்டில் தவிப்பதில்லை. அதனால் 14 டன்னுக்கு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஃபேனைப் பாதி வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்று ஃபேன் விதி சொல்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிய விதி, கரண்டு பில்லில் உதவுகிறது பாருங்கள்!

கேஸ் விஷயத்துக்கு வருவோம். இன்று பல ஸ்பிளிட் ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32, கரியமில வாயுவைப் போல் 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. இத்தகைய கேஸ்களைக் குறைக்கும் 2016-ம் ஆண்டுக் கிகாலி திருத்தத்தை இந்தியாவும் 2021-ல் ஏற்றுவிட்டது. புரொப்பேன் என்கிற ஆர்-290 அந்த வகையில் மிகச் சாது, ஆனால் தீப்பற்றும். கேஸ் முழுவதும் மொட்டை மாடி இயந்திரத்தோடு நின்று, வீட்டுக்குள் தண்ணீர் மட்டும் வந்தால் அந்தப் பயமும் குறையும்.

"அட போப்பா, ஒத்த ரூமுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பீர்கள். நியாயம்தான். ஒரே அறைக்கு நல்ல இன்வர்ட்டர் ஏ.சி. போதும். நான் சொல்வது லாட்ஜ், விடுதி, கல்யாண மண்டபம், எட்டுக் குடித்தனம் இருக்கிற மாடி வீடு இவற்றுக்கு. முதல் செலவு கூடும் என்பதையும் மறைக்கவில்லை. ஓர் இயந்திரம் நின்றால் எல்லா அறையும் வேகுமே என்றால், பெரிதாக ஒன்றுக்குப் பதில் சிறிதாக இரண்டு வைக்கலாம். குழாய்க்கு இன்சுலேஷன் சரியில்லை என்றால் கூரையெல்லாம் வியர்த்துக் கொட்டும். ஆக, வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

தோழர்களே, அந்தச் சுத்தமான வேலையைச் செய்யப்போவது யார்? நாம்தான்! பெட்டி மாட்டுவதைச் சில மாதத்தில் எவரும் பழகிக்கொள்ளலாம். அறையின் வெப்பச் சுமையைக் கணக்கிட்டு, பம்பின் ஹெட் பார்த்து, ஒவ்வொரு கிளைக் குழாயிலும் ஓட்டத்தைச் சமன் செய்வது பட்டயப் படிப்புக்காரன் வேலை. அதை விட்டுவிட்டு நாமும் சுவரில் துளை போட்டுக்கொண்டே இருந்தால், மூன்று வருடப் படிப்புக்கு என்ன மரியாதை?

ஒரு பழைய கார் ரேடியேட்டர், ஒரு டேபிள் ஃபேன், ஒரு சின்ன பம்பு, ஒரு வாளி ஐஸ் தண்ணீர், இரண்டு தெர்மாமீட்டர். இந்த வருடம் எங்கள் குழுவின் புராஜெக்ட் இதுதான். யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள், குறை சொல்லுங்கள். அடுத்த கோடையில் அந்த லாட்ஜ் முதலாளியை மறுபடி பார்க்கப் போகிறேன். இந்தத் தடவை தலையைச் சொறிய மாட்டேன். கையில் கணக்கு நோட்டு இருக்கும்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை