மணி 12.00... 12.00... 12.00! சுவரில் தொங்கும் டிஜிட்டல் கடிகாரம் பொய் சொல்வது ஏன்?

சென்னையில் கட்டிடத்துக்குக் கட்டிடம் மணி மாறுகிறது! பேங்கில் 10.02 என்றால், எதிரே உள்ள ஆபீசில் 9.57. மாடியில் உள்ள இன்னொரு கடிகாரமோ, கரண்ட் போய் வந்த நிமிடத்தில் இருந்து "12.00... 12.00..." என்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிரிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

வாசலில் விரல் ரேகை வைக்கிற மெஷின் 10.01 என்று காட்டினால், உள்ளே சுவர்க் கடிகாரம் 9.56 என்று காட்டினாலும் குமாஸ்தாவுக்கு "லேட்"தான். "சார், கடிகாரத்தைப் பாருங்க" என்று அவர் கை காட்டினால் யார் கேட்கிறார்கள்? தட்கல் டிக்கெட் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், சாதாரண படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அங்கே ஒரு நிமிடம் பின்தங்கியவனுக்குக் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்ட்!

சாவி கொடுத்த ஆள்

இந்த ஊருக்கு நேரம் புதிது அல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டிலேயே வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கே கணித்த நேரம்தான் "மெட்ராஸ் டைம்". 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய், கல்கத்தா ரயில்கள்கூட இந்த மெட்ராஸ் நேரப்படிதான் ஓடின!

1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி இந்திய நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால் இருந்த சென்னை, 5½ மணிக்கு மாறியது. அன்று சென்னைக் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக் கோபுரத்தில் 1913-ம் ஆண்டில் பெரிய கடிகாரம் பொருத்தினார்கள். சாவி கொடுத்து ஓட வைக்கிற கடிகாரம். சாவி கொடுக்கப் போகிற ஆள் மணி சரியா, தவறா என்றும் பார்த்துவிடுவார். முள் தப்பினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ரயில்வேயிலும் அப்படித்தான். இந்திய நேரத்தைத் தினமும் மாலை 4 மணிக்கு எல்லா முக்கிய ஸ்டேஷன்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று ரயில்வே பொது விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கடிகாரம் தானாக ஓடும், ஆனால் தானாகச் சரியாக ஓடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டிஜிட்டல் கடிகாரம் வந்ததும் "இதற்குச் சாவி வேண்டாம்" என்றார்கள். சாவி போனது. கூடவே, பார்த்துக்கொள்கிற ஆளும் போய்விட்டார்!

கணக்கு இதோ!

டிஜிட்டல் கடிகாரத்தின் உயிர் ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம். அது ஒரு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை எண்ணி ஒரு வினாடி என்று கணக்குப் பண்ணுகிறது உள்ளே இருக்கும் சில்லு.

சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு இருக்கலாம். கேட்டால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு அது 1¾ வினாடி. ஒரு மாதத்தில் 50 வினாடி. ஒரு வருடத்தில் 10 நிமிடத்துக்கு மேல்!

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் படிகம் 25 டிகிரி சூட்டில்தான் ஒழுங்காக ஓடும். கட்டிடத்துக்கு வெளியே, தகரப் பெட்டிக்குள் 45 டிகிரியில் வெந்தால் நாளைக்கு இன்னும் ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கும். கத்திரி வெயிலில் கடிகாரத்துக்கும் களைப்பு உண்டு!

வேறொரு ஜாதிக் கடிகாரமும் இருக்கிறது. அதற்குப் படிகம் கிடையாது. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை மாறுகிறது அல்லவா? அதை எண்ணியே மணி காட்டும். மேல்நாட்டில் இது நன்றாக ஓடியது. அங்கே மின்சார நிலையத்தார் இந்த எண்ணிக்கையைச் சீராகப் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கே? 1990-களில் தென் மாநிலங்களின் மின் தொகுப்பில் 50 என்பது 49-க்கும் கீழே இறங்கிய நாட்கள் உண்டு. நாள் முழுக்க 49-ல் நின்றால் அந்தக் கடிகாரம் 29 நிமிடம் பின்தங்கிவிடும். 2013 டிசம்பர் 31-ந்தேதி தென் மண்டலம் அகில இந்தியத் தொகுப்போடு இணைந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் 49.90 முதல் 50.05 வரை ஏறி இறங்க விதியிலேயே இடம் இருக்கிறது. 49.95-ல் ஓடினால்கூட ஒரு நாளில் 86 வினாடி நஷ்டம்.

ஆக, கடிகாரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது முக்கியமல்ல. அதற்கு நேரத்தை யார் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மொட்டை மாடியில் வைத்தியம்

வைத்தியம் இருக்கிறது. இரண்டு வழி.

ஒன்று, ஜி.பி.எஸ். பூமிக்கு மேலே 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களில் அணுக் கடிகாரம் இருக்கிறது. அந்த சிக்னலை ஒரு சின்ன ஆண்டெனா பிடித்துக் கடிகாரத்துக்குச் சொல்லும். ஆனால் ஆண்டெனாவுக்குத் திறந்த வானம் தெரிய வேண்டும். கான்கிரீட்டைத் தாண்டி அந்த சிக்னல் வராது. "மாடி வரைக்கும் வயர் இழுக்கணுமா?" என்று சோம்பல்பட்டு ஜன்னல் ஓரத்திலோ, பரணிலோ ஆண்டெனாவைச் சொருகிவிட்டுப் போனால் காசு கரி!

மாடியில் வைத்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஐப்பசி மழையில் இடி மின்னல் அடித்தால், அந்த வயர் வழியாகவே உள்ளே இறங்கும். அதைத் தடுக்கிற கருவியும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

இரண்டாவது வழி, ஆபீஸ் கம்ப்யூட்டர் லைன். இந்திய நேரத்தைக் காத்து வருவது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அங்கேயும் அணுக் கடிகாரங்கள்தான். அந்த நேரம் இன்டர்நெட் வழியாகவே கிடைக்கிறது. கடிகாரத்தை நெட்ஒர்க்கில் சேர்த்தால் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் கம்ப்யூட்டர் பிரிவு அந்த வாசலை அடைத்து வைத்திருந்தால், கடிகாரம் கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. வெளியே பார்க்கிறவனுக்கு அது தெரியாது. எண் மட்டும் பளிச்சென்று எரியும்!

அரை மணிக் கூத்தும் ஒன்று உண்டு. செயற்கைக் கோள் சொல்வது உலகப் பொது நேரம். அதோடு 5½ மணியைக் கூட்டினால்தான் நம் நேரம். முழு மணியாக மட்டுமே கூட்டத் தெரிந்த வெளிநாட்டுச் சாமானை வாங்கி மாட்டினால் அரை மணி எப்போதும் உதைக்கும்.

ஒயரிங் வினை

கடிகாரம் நல்லது, நேரமும் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் கெடுப்பது ஒயரிங்!

பல இடங்களில் பக்கத்தில் இருக்கும் டியூப் லைட் லைனில் இருந்தே கடிகாரத்துக்குக் கரண்ட் எடுத்துவிடுகிறார்கள். ராத்திரி வாட்ச்மேன் சுவிட்சை அணைத்தால் கடிகாரமும் அணைகிறது. உள்ளே 3 வோல்ட் பொத்தான் பேட்டரி இருக்கும் வரை நேரம் மறக்காது. அது தீர்ந்தால் மறுநாள் காலை "12.00"தான். 200 ரூபாய்கூடப் பெறாத பேட்டரியை மாற்ற ஆள் இல்லாமல் ஆயிரக்கணக்கில் வாங்கிய கடிகாரம் கண் சிமிட்டுகிறது.

பெரிய கட்டிடத்தில் ஒரு தாய்க் கடிகாரம் இருக்கும். மாடிக்கு மாடி சேய்க் கடிகாரங்கள் இருக்கும். இரண்டு வயரைப் பின்னி அதன் வழியே நேரத்தை அனுப்புவார்கள். முறையாகப் போட்டால் 1,200 மீட்டர் வரை சிக்னல் போகும். முறை என்றால் என்ன?

வயர் ஒரு கடிகாரத்தில் இருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போக வேண்டும். மரக்கிளை மாதிரி திசைக்கு ஒன்றாகப் பிரிக்கக் கூடாது. இரண்டு கோடியிலும் 120 ஓம் மின்தடை ஒன்று வைக்க வேண்டும். லிப்ட் மோட்டாருக்குப் போகும் பெரிய கரண்ட் லைனோடு ஒரே குழாயில் திணிக்கக் கூடாது. திணித்தால் லிப்ட் கிளம்பும்போதெல்லாம் சேய்க் கடிகாரங்களுக்கு நேரம் தாறுமாறாகப் போய்ச் சேரலாம்.

"சும்மா ரெண்டு வயர்தானே" என்று கொத்தனார் வேலையோடு வேலையாக முடித்துவிடுவதால் வருகிற வினை இது. சுவர் பூசி, பெயின்ட் அடித்த பிறகு யார் உடைத்துப் பார்ப்பது?

எண்ணின் அளவையும் சொல்ல வேண்டும். 10 சென்டி மீட்டர் உயர எண் ஏறக்குறைய 40 மீட்டர் தூரம் வரைதான் தெளிவாகத் தெரியும். நீண்ட கூடத்தின் கோடியில் சின்னக் கடிகாரத்தை மாட்டுவது யாருக்குப் பிரயோசனம்? நேர் வெயில் விழுகிற சுவரில் மாட்டினால் எரிகிற எண்ணே தெரியாது.

யார் பொறுப்பு?

கோளாறின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கடிகாரம் வாங்குகிறவர் ஸ்டோர் பிரிவு. மாட்டுகிறவர் கான்டிராக்டர். கரண்ட் கொடுப்பவர் எலக்ட்ரீசியன். நெட்ஒர்க் கொடுப்பவர் கம்ப்யூட்டர் பிரிவு. மணி தப்பினால்? ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார்! பில் பாஸ் ஆனதும் எல்லார் வேலையும் முடிந்தது. விரல் ரேகை மெஷினுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் ஒரே இடத்தில் இருந்து நேரம் கொடுக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

சட்டம், வணிகம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் இந்திய நேரம் ஒன்றையே பின்பற்ற வேண்டும் என்று மத்திய அரசு 2025 ஜனவரியில் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் டெல்லியில் எவ்வளவு துல்லியமாக நேரம் காத்தாலும், கடைசி நூறு அடி வயர் நம்மூர்ச் சுவருக்குள்தான் ஓடுகிறது.

கடைக்காரரும் குமாஸ்தாவும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தானாக நேரம் எடுத்துக்கொள்கிற செல்போனை வைத்துச் சுவர்க் கடிகாரத்தையும், வருகை மெஷினையும் ஒரே நிமிடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். இடைவெளி கூடிக்கொண்டே போனால் அந்தக் கடிகாரம் யாரிடமும் நேரம் கேட்கவில்லை என்று அர்த்தம். தேதி போட்டு எழுதிக் கொடுத்தால், "லேட்" போட்ட அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நிர்வாகம் செய்ய வேண்டியதும் பெரிய செலவு இல்லை. கடிகாரத்துக்குத் தனி லைன். வருடத்துக்கு ஒரு தடவை பேட்டரி சோதனை. கடிகாரத்துக்குக் கீழே, பழுதானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு போன் நம்பர்.

அது வரைக்கும், சுவர்க் கடிகாரத்தை நம்பி யாருக்கும் அரை நாள் சம்பளம் பிடிக்காமல் இருந்தால் சரி!