மறுபக்கமாக விலகிப் போகாதவர்

"கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வாருங்கள்!" இந்த வாசகத்தைக் கேட்காத இளையர்கள் இன்று இருக்க மாட்டார்கள். அலுவலகப் பயிற்சிப் பட்டறைகளில் கயிற்றில் தொங்க வைப்பார்கள், திடீரென்று மேடையேற்றிப் பேச வைப்பார்கள். மாலையில் சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். திங்கட்கிழமை காலையில் அதே நாற்காலி, அதே தேநீர்.

இதில் குறையொன்றும் இல்லை. கூச்சம் போகும், தன்னம்பிக்கை வளரும், பதவி உயர்வுக்கும் உதவலாம். ஆனால் இந்த வெளியேற்றங்கள் எல்லாமே நமக்காக நாம் செய்துகொள்பவை. பிறருக்காகப் பழகிய வட்டத்தைத் தாண்டுவது வேறு வகை. அதற்குச் சான்றிதழ் கிடையாது. சில நேரம் கைக்காசு போகும், சில நேரம் நட்பு போகும். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான் கிறிஸ்தவள். ஞாயிறு தமிழ்ப் பூசைக்குத் தவறாமல் போகிறவள். எந்த இருக்கையில் யார் உட்காருவார்கள், எந்தப் பாடலுக்குப் பாடற்குழு சுருதி தவறும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பூசை முடிந்ததும் காப்பி, ஊர்க்கதை, பிள்ளைகளின் தேர்வு முடிவு. மனத்துக்கு இதமான இடம் அது. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் என் தோழியும் இதையேதான் சொல்கிறாள். எந்தச் சமயமாக இருந்தாலும் வழிபாட்டுத் தலம் நமக்கு இரண்டாவது வீடு. வீடு என்றால் கதவும் உண்டு. அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி.

இயேசு சொன்ன நல்ல சமாரியர் கதை சமய வேறுபாடின்றிப் பலருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவர் கள்வர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறார். குரு ஒருவர் வருகிறார், பார்க்கிறார், மறுபக்கமாக விலகிப் போகிறார். அடுத்து வரும் லேவியரும் அப்படியே. மூன்றாவதாக வருபவர், கதை கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அறவே பிடிக்காத சமாரிய இனத்தவர். அவர்தான் நின்று காயத்துக்குக் கட்டுப் போடுகிறார். சத்திரத்துக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் கூலிக்குச் சமமான பணத்தைச் சத்திரக்காரர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகவும் சொல்கிறார்.

சிறுவயதில் இந்தக் கதையில் குருவும் லேவியரும் கெட்டவர்கள் என்று நினைத்தேன். இப்போது படிக்கும்போது அவர்கள் நம்மைப் போன்றவர்களாகத் தெரிகிறார்கள். அவர்களுக்கு வேலை இருந்திருக்கும், நேரமாகியிருக்கும். அடித்தவர்கள் இன்னும் பக்கத்தில் ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்திருக்கும். அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங் 1967இல் நியூயார்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் ஆற்றிய உரையில் இந்தக் கதையை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். அடிபட்டவருக்கு உதவுவது முதல் படிதான்; அந்தச் சாலையில் போகிறவர்கள் ஏன் தொடர்ந்து அடிபடுகிறார்கள் என்று கேட்டு, சாலையையே மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். முதலாவதைச் செய்தால் ஊர் நம்மைப் புகழும். இரண்டாவதைக் கேட்கத் தொடங்கினால் முகம் சுளிக்கும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, நம் தோட்டத்து மண்ணிலிருந்து வந்த ஒரு பெண்மணி இருந்தார். அவர் ஐரின் பெர்னாண்டஸ்.

1946இல் கெடா, சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த குடும்பம். படித்து ஆசிரியரானார். அந்தக் காலத்தில் தோட்டத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஆசிரியரானால் அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அரசாங்கச் சம்பளம், ஊரில் மரியாதை, ஓய்வுக்காலத்துக்குப் பென்சன். அந்த வேலையை 1970இல், தம் 23ஆவது வயதில் விட்டுவிட்டு முழுநேரச் சமூகப் பணிக்கு வந்தார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் இணைந்து செயல்பட்டார். நெசவுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களுக்குத் தொழிற்சங்கம் அமைய உழைத்தார்.

அந்த இயக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெல்ஜிய நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன் 1925இல் அதைத் தொடங்கினார். தொழிலாளி வீட்டுப் பிள்ளை அவர். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு ஊர் திரும்பினார். தம்மோடு பள்ளியில் படித்த நண்பர்கள் அதற்குள் ஆலைத் தொழிலாளர்களாகியிருந்தார்கள். அவர்கள் இவரைத் தங்களுள் ஒருவராக நினைக்கவில்லை, அந்நியராகப் பார்த்தார்கள். அந்த இடைவெளி அவரை வாட்டியது. ஆகவே இளம் தொழிலாளர்களிடம் பிரசங்கம் செய்யாமல், அவர்கள் கையில் மூன்று சொற்களைக் கொடுத்தார்: பார், சீர்தூக்கு, செயல்படு. வேலையிடத்தில் நடப்பதைக் கண்ணால் பார். அது சரியா, உன் நம்பிக்கை அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று சீர்தூக்கு. பிறகு உன்னால் முடிந்த ஒன்றைச் செய்.

ஐரினின் வாழ்க்கையை இந்த மூன்று சொற்களில் அடக்கிவிடலாம். 1991இல் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். 'தெனாகா', 'வானித்தா' என்ற இரு மலாய்ச் சொற்களும் சேர்ந்த பெயர் அது. பெண்களின் ஆற்றல் என்று பொருள். தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம், வீட்டுப் பணிப்பெண்களின் நிலை, வெளிநாட்டுத் தொழிலாளர்களின் சம்பளப் பிரச்சினை என்று யாரும் கேட்காத குரல்களை அந்த அமைப்பு கேட்டது.

1995இல் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நடத்தப்படும் முறை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். 300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசித் திரட்டிய தகவல்கள் அதில் இருந்தன. அடி, பட்டினி, நோய், மரணம். மறு ஆண்டே அவர் மீது, பொய்ச் செய்தியைத் தீய நோக்கத்துடன் வெளியிட்டதாக அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்டது. நாட்டின் மிக நீண்ட வழக்கு விசாரணைகளில் ஒன்றாக அது இழுத்துக்கொண்டே போனது. 2003இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்து பிணையில் வெளியே இருந்தார். 2008 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தலைக்கு மேலே கத்தி. இடையில் 2005இல், மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவரைத் தேடி வந்தது. 2014 மார்ச் 31இல், 67ஆவது வயதில் காலமானார்.

அந்த ஆண்டுகளில் அவருடைய கடப்பிதழ் நீதிமன்றத்தின் வசம் இருந்தது. முதலாளி கையில் கடப்பிதழைக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் தொழிலாளர்களுக்காக வாதாடியவருக்கு, அந்தத் தவிப்பு எப்படியிருக்கும் என்பது சொந்த அனுபவமாகவே கிடைத்தது.

இதைப் படிக்கும் இளையர் சிலருக்கு, "நானும் வேலையை விட்டுவிட்டுப் போராட வேண்டுமா?" என்று தோன்றலாம். வீட்டுக்கடன், கார்க்கடன், வயதான பெற்றோர் என்று ஆயிரம் பொறுப்புகள். ஐரின் மாதிரி எல்லாராலும் இருக்க முடியாது, இருக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்யலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பங்கில் நாங்கள் நால்வர் சேர்ந்து, ஞாயிறு மதியங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். முதல் சில வாரங்கள் எல்லாம் இனிமையாகவே போயின. எல்லாரும் எங்களைப் பாராட்டினார்கள். ஒருவர் வெள்ளைப் பலகை வாங்கிக் கொடுத்தார், இன்னொருவர் பிரியாணி அனுப்பினார்.

ஒருநாள் ஒரு மாணவர் தம் சம்பளச் சீட்டைக் கைத்தொலைபேசியில் காட்டி, அதிலிருந்த ஒரு மலாய்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். 'பிடித்தம்' என்றேன். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதே விடுதியில் இருந்த மற்றவர்களுக்கும் மாதாமாதம் அதே பிடித்தம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்று அதில் வரையறை உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்த முதலாளி எங்கள் பங்கைச் சேர்ந்தவர். திருவிழா அன்று விருந்துக்குத் தாராளமாகக் கொடுப்பவர். என் குடும்பத்தோடு இருபது வருடப் பழக்கம். நால்வரில் ஒருவர், "நாம் பாடம் நடத்தத்தானே வந்தோம், இது நமக்கு எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குருவும் லேவியரும் தங்களையே கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய கேள்வியும் அதுதான்.

நாங்கள் முதலில் செய்தது, அந்தத் தொழிலாளர்களிடமே கேட்டது. அவர்கள் சம்மதிக்காமல் வாய் திறக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். காரணம், வெளிநாட்டுத் தொழிலாளரின் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில்தான் இருக்கும். வேலை போனால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் அன்றிலிருந்து அவர் சட்டவிரோதக் குடியேறி. ஊரில் முகவருக்கு வாங்கிக் கொடுத்த கடன் அப்படியே நிற்கும். நமக்கு நட்புதான் ஆபத்தில், அவர்களுக்குப் பிழைப்பே ஆபத்தில். இரண்டு வாரம் யோசித்து, அவர்கள் சரி என்றார்கள்.

நானும் இன்னொருவரும் அந்த முதலாளியின் வீட்டுக்குப் போனோம். தேநீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. முகவர் சொன்னபடி செய்ததாகச் சொன்னார். சட்டத்தின் அந்தப் பகுதியை அச்செடுத்து மேசையில் வைத்தோம். தொழிலாளர் இலாகாவுக்குப் போகாமல் பேசித் தீர்க்கலாம் என்றுதான் வந்தோம் என்றோம். அடுத்த மாதத்திலிருந்து பிடித்தம் நின்றது. முன்பு பிடித்ததில் ஒரு பகுதி திரும்பி வந்தது, எல்லாம் வரவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை. அந்தக் குடும்பம் இன்று எங்களைக் கண்டால் வணக்கம் சொல்வதில்லை. அந்த இழப்பு எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. பிடித்தம் நின்ற மாதம், அந்த மாணவர் தம் மகளுக்குப் பள்ளிக்கூடக் காலணி வாங்க ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதைக் காட்டினார். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் பூசைக்குப் போகிறேன்.

வாசகர்களே, இந்தத் தொழிலாளர்களின் கதை நமக்குப் புதியது இல்லை. நம் பாட்டன் பூட்டன்மார் சஞ்சிக்கூலிகளாக வந்தார்கள். மலாயாவில் 1910இல் அந்த முறை ஒழிந்த பிறகும் கங்காணிகள் மூலம் ஆள்கட்டி வந்தார்கள். கடனோடு கப்பலேறி, லயத்துக் காம்பராவில் குடும்பம் நடத்தினார்கள். என் பாட்டி பால்மரம் சீவியவர். அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் சிலர் இருந்ததால்தான் நாம் இன்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் பையனை "ஏய்" என்று கூப்பிடும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு மூன்று சொல்கிறேன். உங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்பவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரியாதவரின் துன்பம் நம் கண்ணில் படாது. வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருடைய கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பிறர் கடப்பிதழைப் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். மூன்றாவது, தனியாகப் போகாதீர்கள். நான்கு பேராவது சேருங்கள். ஒருவருக்குப் பயம் வந்தால் இன்னொருவர் கைப்பிடிக்க வேண்டும்.

தோட்டத்துப் பெண்களை வாட்டிய பாராகுவாட் களைக்கொல்லியை எதிர்த்து ஐரினும் அவர் தோழர்களும் பல ஆண்டுகள் பேசினார்கள். அதற்கு நம் நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். அவர் மறைந்து ஆறாவது ஆண்டு அது. பலனைப் பார்க்க அவர் இல்லை. இன்று அந்த மருந்துத் தொட்டியை முதுகில் சுமக்காத பெண்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.